பறிக்காத தோட்டத்தில் ஒன்பது காலைகள்

1998 ஏப்ரல் 22, புதன்கிழமை.

அதிகாலை நாலரைக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டியில் எனக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. திண்டுக்கல்லுக்குக் கட்டணம் பத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. தொலைவு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பையில் நான்கு நூல் சேலைகள், இரண்டு புத்தகங்கள், ஒரு குறிப்பேடு, பத்து இரவுகளுக்கான பத்துத் தூக்க மாத்திரைகள். கணவர் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அந்த மூன்றாண்டுகளில் மாத்திரை இல்லாமல் நான் உறங்கிய இரவு ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து விடுபட முடியுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

அழைத்தவள் முத்துலட்சுமி. 1986 கோடையில் திண்டுக்கல்லில் ஒரு மாத யோகப் பயிற்சியில் சந்தித்தோம். விரிப்புகள் போதாமல் இருவருக்கு ஒன்று கொடுத்தார்கள். அவளும் நானும் ஒரே விரிப்பைப் பங்கிட்டுக்கொண்டோம். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த நான், புத்தகத்தைப் படிப்பதுபோல ஆசனங்களையும் படித்து முடித்தேன். அவளோ அதைத் தன் ஊருக்கு எடுத்துச் சென்றாள். பகலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், மாலையில் பூப்பறித்து இடுப்பொடிந்த பெண்களுக்கும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வந்தாள். பயிற்சி நாட்களில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது என் விலாவில் விரலால் குத்தி, “ஒடம்பு இங்க இருக்கு. நீ எங்கடி போயிட்டே?” என்று கேட்பாள்.

பங்குனியில் அவள் எழுதிய கடிதம் பையில் இருந்தது. ‘சித்திரை பிறந்ததும் வா. மல்லிகை நிறைய வரும் நேரம். விடியுமுன் பறிப்பு முடிந்துவிடும். பிறகு வரப்பில் நாம் இருவரும் உட்காருவோம். பத்து நாள் என் பக்கத்தில் உட்கார். அதற்குப் பின்னும் மாத்திரைதான் வேண்டுமென்றால் நானே வாங்கித் தருகிறேன்.’

மணப்பாறையில் இருட்டு. வடமதுரைக்கு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஏழு மணி பத்து நிமிடத்துக்குத் திண்டுக்கல் நிலையத்தில் இறங்கினேன். மலைக்கோட்டைப் பாறையின் ஒருபுறம் மட்டும் வெயில் ஏறியிருந்தது. காப்பி குடித்துவிட்டு நத்தம் சாலையில் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். சாணார்பட்டியைத் தாண்டி அடுத்த நிறுத்தம் வரை இரண்டு ரூபாய் ஐம்பது காசு. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு முத்துலட்சுமி கேட்டுக்கொண்டதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பூச்சந்தையிலிருந்து திரும்பும் பெண்களால் வண்டி நிறைந்திருந்தது. கோபால்பட்டிக்குப் போகிற ஒருவர் இரண்டு வெறுங்கூடைகளோடு என் அருகில் அமர்ந்தார். நடத்துநர் கூடைகளைப் பார்த்தார்.

“ஆத்தா, கூடைக்கு லக்கேஜ் போடணும்.”

“வெறுங்கூடைக்கு என்னய்யா லக்கேஜு? நீ வேணா உள்ள ஏறி உக்காரு, ஒனக்குச் சேத்து எடுக்குறேன்.”

பேருந்தே சிரித்தது. நடத்துநரும் சிரித்துவிட்டு நகர்ந்தார். நான் அந்த அம்மாவிடம், பூ விரிந்தபின் பறிக்கவே மாட்டீர்களா என்று கேட்டேன்.

“விரிஞ்சு போனத யாரும்மா வாங்குவா? மொட்டுலயே எடுத்துரணும். அது ஒங்களமாரி டவுன்காரவுக தலையில போயித்தான் விரியும். செடியில விரிஞ்சா எங்களுக்குக் கேடு.”

அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதைப் பற்றி யோசிக்கவில்லை.

காலை எட்டு மணி. சாலையிலிருந்து தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை. எதிரே சிறுமலை நீலமாக நீண்டு கிடந்தது. சோளத்தட்டை அறுத்த காடு, ஒரு தென்னந்தோப்பு, அதைக் கடந்ததும் கிணற்றுக்கு அப்பால் முத்துலட்சுமியின் தோட்டம். முன்பு ஒருமுறை வந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. ஆனால் அன்று பார்த்தது பச்சைச் செடிகள். இன்று ஒன்றரை ஏக்கரும் வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு செடியும் கொள்ளுமட்டும் பூத்து, கொள்ளாததைக் கீழே உதிர்த்திருந்தது. காற்று அசையவில்லை. மணம் மட்டும் கனமாக நின்றது. தேனீக்களின் ஒலி தரையிலிருந்தே எழுவதுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. வரப்பில் பையை வைத்து, கால்களை மடித்து உட்கார்ந்தேன். யாரும் சொல்லாமலே முதுகு நிமிர்ந்தது. மூச்சு வந்தது, போனது. நேற்றைய நினைவோ நாளைய கவலையோ என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாண்டுகளில் முதல்முறையாக அரைமணி நேரம் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். முத்துலட்சுமியிடம் ஓடிப்போய் இதைச் சொல்ல வேண்டும் என்ற மகிழ்ச்சியோடு எழுந்தபோது, கிணற்றடியில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முத்துலட்சுமியின் கொழுந்தன் மனைவி பேச்சியம்மாள் என்பது பிறகு தெரிந்தது.

“யாரு வேணும்?”

“முத்துலட்சுமி டீச்சரைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வர்றேன். இது அவங்க தோட்டம்தானே? இப்படி ஒரு அழகை என் வாழ்க்கையில பார்த்ததில்லைம்மா. எழுந்திருக்கவே மனசு வரலை.”

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். “எம்புட்டு நேரமா உக்காந்திருக்கீக?”

“அரைமணி இருக்கும்.”

“கார்டு போட்டமே. வரலையா?”

“என்ன கார்டு?”

“பெரிய மாமா தவறிட்டாக. அக்கா வீட்டுக்காரரு. போன வெள்ளிக்கிழமை காலையில தண்ணி கட்டிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு விழுந்துட்டாக. பறிக்கிறவளுக எல்லாம் பங்காளி வீட்டுப் பொம்பளைக, எல்லாத்துக்கும் தீட்டு. பதினாறு கழியுற மட்டும் இந்தப் பூவ ஒருத்தியும் தொட மாட்டா.” அவள் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அதான் விரிஞ்சு கெடக்கு.”

பேருந்தில் கேட்டு, கைப்பட எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் ஒரு தோட்டம் முழுவதும் விரிந்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. படித்தவள் என்ற பெயரோடு ஐம்பது வயதை நெருங்கிய எனக்கு அன்று ஏற்பட்ட கூச்சத்தை இத்தனை ஆண்டுகள் கழித்தும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

வீட்டின் உள்ளறையில் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள் முத்துலட்சுமி. சுற்றிலும் ஆறேழு பெண்கள். என்னைக் கண்டதும் அவள் கை நீட்டினாள்; நான் அருகில் அமர்ந்தேன். என் தோளில் தலை சாய்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “மூச்சு பாதியில நின்னுருதுடி,” என்றாள். “உள்ள போக மாட்டேங்குது. எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்தேன். எனக்கு வர மாட்டேங்குது.”

கேட்டுப் பார்த்தேன். மெய்தான். மூன்று நான்கு குட்டை மூச்சுகள். பிறகு, தண்ணீருக்கு மேலே எம்பிப் பார்ப்பவளைப்போல் ஓர் இழுப்பு. அதுவும் தொண்டையைத் தாண்டவில்லை. திண்டுக்கல்லிலிருந்து மருத்துவர் வந்து, இதயம் நன்றாக இருக்கிறது, அதிர்ச்சிதான் என்று ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இறுதிக் கடன்களைக் கொழுந்தன்தான் செய்திருந்தார். அன்று காலை முதல் என் உறக்கம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் மூச்சு உள்ளே போக வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்போது வாசலில் நின்று பேச்சி சொன்னாள்: “தோட்டம் அழகா இருக்குன்னாக, அக்கா. வரப்புல அரைமணி நேரம் கண்ண மூடி உக்காந்திருந்தாக.”

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். முத்துலட்சுமி தலையை நிமிர்த்தினாள்.

“அம்புட்டும் விரிஞ்சிருக்கா?”

“ஆமா.”

“தெக்கு மூலையிலயுமா?”

“எல்லா இடத்துலயும்.”

“பதினெட்டு வருசம்,” என்றாள். “ஒருநாள்கூட நான் அப்படிப் பார்த்ததில்ல.”

பதினாறாம் நாள் முடியும்வரை அவள் வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்து தோட்டத்துக்கு முந்நூறு அடி. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பத்து நாள் இருக்கேன்னுதானே வந்தே? காலையில நீ போயி உக்காரு. வந்து எனக்குச் சொல்லு.”

ஏப்ரல் 23, வியாழன். ஐந்தே முக்காலுக்கு வரப்புக்குப் போனேன். ஆறரைக்குத் திரும்பி, அவள் எதிரில் உட்கார்ந்து, “இன்னைக்கும் ரொம்ப அழகா இருந்தது,” என்று தொடங்கினேன்.

“அழகுங்கிறத விடு,” என்றாள். “அது ஒன் சாமான். என்ன இருந்துச்சுன்னு சொல்லு.”

என்ன இருந்தது? எனக்கு மூன்று வாக்கியங்களுக்கு மேல் சொல்லத் தெரியவில்லை. வெள்ளை, மணம், தேனீ. அவள் கேட்டாள்: நேத்து உதிர்ந்தது என்ன நிறம்? கிழக்கே மூன்றாவது வரிசையில் ஒரு செடியின் இலை எப்போதும் மஞ்சளாக இருக்குமே, அது பூத்திருக்கிறதா? வெயில் முதலில் எந்தப் பாத்தியில் விழுந்தது? ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. “அப்ப நீ அங்க இல்லடி,” என்றாள், சற்றே பழைய குரலில்.

மறுநாளிலிருந்து கண்ணை மூடாமல் உட்கார்ந்தேன். உதிர்ந்த பூ முதல் நாள் வெள்ளை, இரண்டாம் நாள் விளிம்பில் இளஞ்சிவப்பு, மூன்றாம் நாள் தேநீர் நிறம். வெயில் முதலில் விழுவது தோட்டத்தில் அல்ல, தென்னையின் உச்சிக் குருத்தில். அங்கிருந்து கீழே இறங்கப் பதினோரு நிமிடம். மஞ்சள் இலைச் செடி பூத்திருந்தது, ஆனால் பூக்கள் சிறியவை. வாய்க்கால் கரையில் ஒரு கீரி என்னைக் கண்டு நின்று, ஆபத்தில்லை என்று முடிவுசெய்து, வந்த வழியே போயிற்று. இவற்றைச் சொல்லும்போது அவள் கண்கள் என் முகத்தில் இருக்கவில்லை; தோட்டத்தில் எங்கோ நடந்துகொண்டிருந்தன. கீரியைப் பற்றிச் சொன்னபோது, தன்னை மறந்த ஒரு கணத்தில், அவள் மூச்சு விலாவரை இறங்கிற்று. அவள் அதைக் கவனித்தவுடன் மீண்டும் நின்றுவிட்டது.

பேச்சிக்கு இது பிடிக்கவில்லை. நான்காம் நாள் கிணற்றடியில் என்னை மறித்தாள். படித்தவர்கள் எல்லாரும் அவளுக்கு டீச்சர்தான்.

“டீச்சரக்கா, தப்பா நெனைக்காதீக. எழவு வீட்டுக்கு வந்தவுக வரப்புல சாமியார் மாதிரி உக்காந்தா ஊரு என்ன பேசும்? நேத்து எங்க சின்னத்தா கேக்குது, அந்தம்மா பெறப்புலயே இப்பிடியா, இல்ல இடையில வந்ததான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“படிச்சு வந்த வியாதின்னேன்.” சொல்லிவிட்டு அவளுக்கே உதடு கோணிற்று. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கக் கூடாத வீடு அது.

“உன் அக்காவுக்கு நான் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வருது, பேச்சி.”

அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, “அப்ப உக்காருங்க,” என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றை மட்டும் நான் முதல் நாளிலிருந்தே சொல்லாமல் வைத்திருந்தேன். வாய்க்கால் தோட்டத்துக்குள் பிரியும் இடத்தில், காய்ந்த சேற்றில், ஒரு மண்வெட்டி செங்குத்தாக நின்றது. அதன் பிடியில் பச்சைக்கரைத் துண்டு ஒன்று தொங்கியது. முத்துலட்சுமியின் கணவர் தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தபோது விழுந்த இடம் அதுதான். யாரும் அதைத் தொடவில்லை. யாரும் அந்தப் பக்கம் நடக்கவும் இல்லை. ஒவ்வொரு காலையும் நான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் என் விவரணையில் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 27, திங்கள். தோட்டம் மாறியிருந்தது. விரிந்த பூக்கள் பாதியாகக் குறைந்து, செடிகளின் அடியில் தேநீர் நிறமே மிஞ்சியிருந்தது. புதிய மொட்டுகள் அரிசி அளவிலேயே கருகி நின்றன. இலைகள் உட்புறமாகச் சுருளத் தொடங்கியிருந்தன. மணத்தில் ஒரு புளிப்பு ஏறியிருந்தது. இதை எப்படிச் சொல்வது? முந்தைய நாள்தான் அவள் நான்கு கவளம் சோறு சாப்பிட்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் முந்நூறு அடிக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

“நேத்து மாதிரியேதான் இருக்கு,” என்றேன். “வெள்ளை வெளேர்னு.”

செவ்வாய்க்கிழமையும் அவ்வாறே சொன்னேன். அன்று ஒரு மைனாக் கூட்டத்தையும் கற்பனையாகச் சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்வது எளிதாக இருந்தது. அதற்கு நான் வரப்பில் உட்காரக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாட்களும் அவள் மூச்சு சிறிதும் இறங்காததைப் பார்த்தேன். பார்த்தும், பொய் போதவில்லை போலும் என்றுதான் எண்ணினேன்.

ஏப்ரல் 29, புதன். காலை ஏழு மணி. வழக்கம்போல் வெள்ளையில் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“மோட்டார் சத்தம் கேட்டியா, வந்ததுலருந்து?”

“இல்லை.”

“எனக்கும் இப்பத்தான் ஒறைக்குது. ஒத்த நாளும் கேக்கல. அவரு விழுந்தன்னைக்குப் பாதித் தோட்டந்தான் பாஞ்சிருக்கும். இன்னைக்குப் பதிமூணாம் நாளு. சித்திரை வெயிலு.” அவள் என்னை நேராகப் பார்த்தாள். “தண்ணியில்லாம எப்படிடி வெள்ளை வெளேர்னு இருக்கும்?”

என் பாதத்தில் ஒட்டியிருந்த உலர்ந்த இதழை நகத்தால் எடுத்தேன்.

“பொய்யி சொன்னியா?”

“ஆமா.”

“எத்தன நாளா?”

“மூணு நாளா.”

“அழவேன்னு பயந்தியா? அழுறதுக்கு நான் ஒங்கிட்டக் கேக்கணுமா? நான் ஒன்னைய அங்க அனுப்புனது எனக்குக் கண்ணு இல்லங்கிறதுக்காக. ஒன் கண்ணயும் பொத்திக்கிட்டு வந்து நிக்கிறியே.” அவள் குரல் உயரவில்லை. ஆனால் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. பேச்சி ஓடிவந்து அவள் முதுகைத் தடவினாள். “சொல்லு. என்ன இருக்கு?”

சொன்னேன். இந்த முறை ஒன்றையும் சுற்றிக்கொண்டு போகவில்லை. இலைகள் சுருள்வதை, மொட்டுகள் அரிசி அளவில் கருகியதை, உதிர்ந்தவை அழுகி எறும்பு மொய்ப்பதை, தெற்கு மூலையில் ஆறு செடிகள் முற்றிலும் வாடியதை. பிறகு வாய்க்கால் பிரியும் இடத்துக்கு வந்தேன். “மண்வெட்டி நட்டமா நிக்குது. அவர் துண்டு அதுல தொங்குது. பச்சைக்கரை. ஒரு முனை சேத்துல ஒட்டிக் காஞ்சு போயிருக்கு. காத்தடிச்சா மறுமுனை மட்டும் ஆடுது.”

முத்துலட்சுமி கண்ணை மூடியிருந்தாள். அவள் வயிறு மெல்ல எழுவதைப் பார்த்தேன். பிறகு விலா, பிறகு மார்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே விரிப்பில் அவள் எனக்குக் காட்டித்தந்த அதே வரிசை. அந்த மூச்சு உள்ளே போய், ஒருகணம் நின்று, நீண்ட முனகலாக வெளியே வந்தது. அழுகை என்று அதைச் சொல்லலாம். எனக்கு அது மூச்சாகத்தான் கேட்டது.

கண்ணைத் திறந்ததும் அவள் பேச்சியைத்தான் பார்த்தாள். “பத்து மணி வரைக்கும் த்ரீ பேஸ் கரண்டு இருக்கும். போயி மோட்டாரப் போடு.”

“பதினாறு கழியட்டும்க்கா. மாமா விழுந்த எடம். அந்த மண்வெட்டிய யாரு தொடுவா? எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கமே போக மாட்டேங்குறாரு.”

“நீ தொடு. பூவத்தான் தொடக் கூடாதுன்னாக. தண்ணி விடக் கூடாதுன்னு எவ சொன்னா? செடி என்ன பாவம் பண்ணுச்சு?”

“நல்லாருக்கு. பேய் பிடிச்சா எனக்குல்ல பிடிக்கும்,” என்று முணுமுணுத்தாலும், பேச்சி சேலையை இழுத்துச் செருகினாள். “வாங்க டீச்சரக்கா. செத்த நேரம் கூட நில்லுங்க.”

மண்வெட்டியின் முன் அவள் கைகட்டி நின்றாள். பிறகு துண்டை மட்டும் எடுத்து, காய்ந்த சேற்றை உதிர்த்து, நான்காக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். “நான் வாக்கப்பட்டு வந்தப்ப எனக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே இவுகதான்,” என்றாள், என்னைப் பார்க்காமல். இரு கையாலும் அதைப் பிடித்து அசைத்துப் பிடுங்கினாள். கிணற்றில் மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அடைத்திருந்த மண்ணை அவள் மூன்று வெட்டில் எடுத்துப்போட, தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. வெடித்த தரையில் இறங்கும்போது பாத்திகள் சீறும் ஒலி கேட்டது. நான் வரிசைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

“எது வரைக்கும் போச்சு?” என்று கேட்டாள் முத்துலட்சுமி, நான் திரும்பியதும்.

“கரண்டு போறதுக்குள்ள பதினாலாவது வரிசை.”

“தெக்கு மூலை?”

“அது வரைக்கும் போகலை. அந்த ஆறு செடியும் பிழைக்காதுன்னு பேச்சி சொல்றா.”

தலையசைத்தாள். “ஆறுதானே,” என்றாள். சிறிது கழித்து, “ஆறு,” என்றாள் மீண்டும். அன்றும் மறுநாளும் அவள் மூச்சு சில வேளை இறங்கியது. சில வேளை நின்றது. நலமாகிவிட்டாள் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

ஏப்ரல் 30, வியாழன். ஒன்பதாவது காலை. ஈரமண். பூக்கள் மிகச் சில. அதைச் சொல்லி முடித்தபின் அவள் கேட்டாள்: “நாளைக்குக் கெளம்பிருறியா?”

மறுநாள் பதினைந்தாம் நாள். மாலையில் பங்காளி வீட்டுப் பெண்கள் கூடி அவள் தாலியை எடுப்பார்கள். நான் இருப்பதாகச் சொன்னேன்.

“வேண்டாம்டி. நீ எதிர்ல இருந்தா நான் தைரியமா இருக்குற மாதிரி நடிப்பேன். எனக்கு நடிக்க வேணாம்.” பிறகு, “ஒனக்குத் தாலி எடுத்தன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்றாள்.

மூன்றாண்டுகளில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வருத்தமாக இருந்தது என்று சொல்ல வந்து, நிறுத்தினேன். என்ன இருந்தது என்று சொன்னேன்: நாற்காலி ஒன்றின் கால் ஆடியது, ஒருவருடைய கை மிகவும் குளிர்ந்திருந்தது, அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அதை எண்ணிக்கொண்டிருந்தேன், நான்கு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

மே 1, வெள்ளி. காலை பத்து மணி. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது. திரும்பி வரும் பேச்சே அங்கே கூடாது. எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பாராமல் நடந்துவிட வேண்டும். முத்துலட்சுமிக்கும் அது தெரியும். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. பத்து நாட்கள் உடனிருந்தவளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்தேன். வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்த பேச்சி என்னைக் கடந்து உள்ளே போனாள். அவள் கால்களில் சேறு. நான் அமர்ந்திருந்த இடத்தில் அவள் சம்மணமிட்டு உட்காரும் ஓசை கேட்டது.

“அக்கா, இன்னைக்குத் தோட்டத்துல ரெண்டு மயிலு.”

“ரெண்டா? மூணுல்ல வரும்.”

“ரெண்டுதான் வந்துச்சு. நான் என்ன செய்ய? ஒண்ணுக்குத் தோகை பாதி இல்ல...”

நான் நடந்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் பகல் பன்னிரண்டு மணி. பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் வாடை காற்றில் வந்தது; வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வெள்ளைத் தொப்பிகள் விரைந்துகொண்டிருந்தன. திருச்சி வண்டி கிளம்பியபின் வடமதுரை வரை பின்சன்னலில் சிறுமலை தெரிந்தது. ஒரு மலை கண்ணிலிருந்து மறையும் இடத்தை நான் அதற்குமுன் கவனித்ததில்லை. அது ஒரு வளைவில், ஒரு செங்கற்சூளைக்குப் பின்னால் மறைந்தது.

மாலை நான்கு மணிக்கு என் வீட்டைத் திறந்தேன். இரண்டாம் மாடி, எங்கள் தெருவில் ஒரே மரம், அதுவும் அடுத்தவர் காம்பவுண்டுக்குள். மாத்திரையை விட்டேனா என்று கேட்கும் நண்பர்களுக்கு: அன்று விடவில்லை. விட இன்னும் ஓராண்டு ஆயிற்று.

ஆறு மணிக்கு அங்கே பெண்கள் கூடியிருப்பார்கள் என்று தெரிந்தது. விளக்குப் போடாமல் சன்னல் எதிரே கால்களை மடித்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு காகம். கொடியில் சிறுபிள்ளைச் சட்டை ஒன்று, ஒரு கை உள்வாங்கியபடி. மேற்கே வானம் முதலில் மஞ்சள், பிறகு சாம்பல். ஆறே முக்காலுக்குத் தெருவிளக்கு எரிந்தது. மூன்றாவது கம்பத்தில் எரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தது ஒன்றையும் விட்டுவிடாமல் வரிசையாக மனத்தில் வைத்துக்கொண்டேன். எழுந்து உள்ளே திரும்பியபோதுதான் தெரிந்தது, என்ன இருந்தது என்று கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை.